நம்பினால் போதுமா, நல்லதும் செய்ய வேண்டுமா? கிறிஸ்தவத்தின் தீராத கேள்வி

ஒருவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறார். பைபிள் வசனங்கள் அவருக்கு மனப்பாடம். ஆனால், அவர் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. பக்கத்து வீட்டுக்காரரோ எந்த வழிபாட்டுத் தலத்துக்கும் போவதில்லை. ஆனால், நள்ளிரவில் ரத்தம் தேவை என்று வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்தால் முதல் ஆளாக வண்டியை எடுக்கிறார். ‘இந்த ரெண்டு பேர்ல கடவுள் யாரை ஏத்துக்குவார்?’

நண்பர்கள் அரட்டையில் அடிக்கடி எழும் கேள்விதான். இதற்கு நெருக்கமான ஒரு கேள்வி கிறிஸ்தவத்துக்குள் தொடக்க காலம் முதலே விவாதிக்கப்பட்டு வருகிறது. மனிதர் மீட்படைவது கடவுள்மீது வைக்கும் நம்பிக்கையாலா, செய்யும் நற்செயல்களாலா? 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பியத் திருச்சபை உடைந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தக் கேள்வி. 1999இல் ஓர் உடன்பாடு கையெழுத்தான பிறகும் அது முழுமையாக அடங்கிவிடவில்லை.

‘நம்பிக்கை அணி’, ‘செயல் அணி’ என்று இரண்டு தரப்பு மோதிக்கொண்டதாகவே இந்த வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. உற்றுப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதல்ல. நம்பிக்கையை உயர்த்திப் பிடித்தவர்களே ஏழைக்கு உதவுவதை வலியுறுத்தினார்கள். செயலை வலியுறுத்தியவர்களும் சொர்க்கத்தைச் சம்பாதிக்க முடியாது என்றுதான் சொன்னார்கள். அப்படியென்றால் சண்டை எதற்காக?

சொல்லிலேயே ஒரு குறிப்பு

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இந்தச் சொற்களே இரண்டு விதமாகப் புழங்குகின்றன. புராட்டஸ்டன்ட் சபைகளில் ‘விசுவாசம்’, ‘கிரியை’, ‘கிருபை’. கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் ‘நம்பிக்கை’, ‘செயல்’, ‘அருள்’. கிருபை அல்லது அருள் என்பது தகுதி பார்க்காமல் கடவுள் தரும் தயவு. நம்பிக்கை என்பது அதை ஏற்றுக்கொள்ளும் கை.

இதில் ‘விசுவாசம்’ என்ற சொல் கவனிக்க வேண்டியது. சர்ச்சுக்கு வெளியே இந்தச் சொல்லைக் கேட்டால் கட்சி விசுவாசி, எஜமான விசுவாசம், 2019இல் வந்த அஜித் படம் என்று பலதும் ஞாபகம் வரும். எந்த இடத்திலும் அது மனதுக்குள் வைத்திருக்கும் ஒரு கருத்தை மட்டும் குறிப்பதில்லை. ஒருவர் பக்கம் உறுதியாக நிற்பதைக் குறிக்கிறது. தலைவருக்கு எதிராக வேலை பார்த்துக்கொண்டே ‘நான் விசுவாசி’ என்று ஒருவர் சொன்னால் ஊர் சிரிக்கும். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் உள்ள ‘பிஸ்டிஸ்’ என்ற சொல்லுக்கும் நம்பிக்கை, நம்பகத்தன்மை, உண்மையாக நிற்பது ஆகிய பொருள்கள் உண்டு. விசுவாசத்தையும் கிரியையையும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு ‘எது முக்கியம்?’ என்று கேட்பதிலேயே ஒரு சிக்கல் இருப்பதை இந்தச் சொல் காட்டிக்கொடுக்கிறது.

பவுலும் யாக்கோபும் மோதிக்கொள்கிறார்களா?

மேலோட்டமாகப் படித்தால், ஆமாம். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல், மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராவது நம்பிக்கையால்தான், சட்டம் கோரும் செயல்களால் அல்ல என்கிறார். யாக்கோபின் கடிதமோ நம்பிக்கையால் மட்டும் அல்ல, செயல்களாலும்தான் என்கிறது. இரண்டு பேரும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆளை: ஆபிரகாம்!

ஆனால், ஆபிரகாமின் வாழ்க்கையில் இருவரும் எடுத்துக்கொள்ளும் கட்டங்கள் வேறு. பவுல் முதலில் சுட்டுவது, குழந்தை இல்லாத முதியவரான ஆபிரகாம் விண்மீன்களைப் போல் சந்ததி பெருகும் என்ற வாக்குறுதியை நம்பிய இரவு. அங்கே அவர் செய்ய எதுவுமே இல்லை. யாக்கோபு சுட்டுவது, பிறந்து வளர்ந்த மகன் ஈசாக்கைப் பலியாகக் கொடுக்க மலைக்குக் கூட்டிச்சென்ற பகல். அந்த நம்பிக்கை நிஜமா என்று சோதிக்கப்பட்ட நேரம் அது.

இருவரும் யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் வேறு. பவுலுக்கு முன் இருந்தது ஒரு நுழைவாயில் பிரச்சினை. யூதரல்லாத மக்கள் இயேசுவை நம்பி வந்தபோது, அவர்கள் விருத்தசேதனமும் செய்துகொண்டால்தான் உள்ளே இடம் என்று சிலர் சொன்னார்கள். ‘வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள்’ என்பது பவுலின் பதில். வேலை பார்த்தவருக்குக் கிடைப்பது கூலி. கடவுள் தருவதோ பரிசு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். பவுல் கால யூதர்கள் புண்ணியக் கணக்கு பார்த்து மீட்பைச் சம்பாதிக்க நினைத்தவர்கள் என்ற பழைய சித்திரமும் சரியல்ல. இ.பி.சாண்டர்ஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்குப் பிறகு பல அறிஞர்கள் அந்தச் சித்திரத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

யாக்கோபுக்கு முன் இருந்தவர்கள் வேறு ரகம். கூட்டத்துக்குத் தங்க மோதிரம் போட்டவர் வந்தால் நல்ல இருக்கை; கந்தை உடுத்தியவர் வந்தால் ‘அப்படி ஓரமா நில்லு’. பசியோடு, உடுக்க உடையின்றி வந்தவரிடம் ‘போய் நல்லா சாப்பிடுங்க, சமாதானமா இருங்க’ என்று வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர்களிடம்தான் ‘கடவுள் ஒருவரே என்று பேய்களும் நம்புகின்றன, நம்பி நடுங்குகின்றன’ என்கிறார் யாக்கோபு. வயலில் அறுத்தவர்களுக்குத் தராமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது.

லூதர் கோபப்பட்டது ஏன்?

சுமார் 1,500 ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்வி ஜெர்மனியில் பணத்தோடு சேர்ந்து வெடித்தது. மைன்ஸ் பேராயர் பதவியைப் பெறுவதற்காக ஆல்பிரெக்ட் என்பவர் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் பெரும் கடன் வாங்கியிருந்தார். ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் தேவைப்பட்டது. பாவமன்னிப்புச் சீட்டு விற்க அனுமதி கிடைத்தது. வசூலில் ஒரு பாதி பேராலயத்துக்கு, மறுபாதி ஃபுக்கர் கடனுக்கு.

திருச்சபையின் போதனைப்படி, அந்தச் சீட்டு பாவத்தை மன்னிப்பதில்லை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மீதமிருக்கும் தண்டனையைத்தான் குறைக்கும். ஆனால், சந்தையில் யார் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பார்கள்? யோகான் டெட்சல் என்ற பிரசங்கி, இறந்துபோன தாய் தந்தையின் ஆன்மாக்கள் வேதனையில் தவிப்பதைச் சொல்லி விற்றார். அவரை விட்டன்பர்க் நகருக்குள் அனுமதிக்கவில்லை. மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கிவந்தார்கள்.

விட்டன்பர்க்கில் பேராசிரியராக இருந்த மார்ட்டின் லூதருக்கு இந்தப் பயம் புதிதல்ல. 1505இல் துறவற மடத்தில் சேர்ந்தவர். உபவாசம், கண்விழிப்பு, மணிக்கணக்கில் பாவ அறிக்கை என்று எல்லாம் செய்து பார்த்தவர். ‘இவ்வளவும் செஞ்சாச்சு, ஆனா இது போதுமா?’ என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை. ரோமர் கடிதத்தைப் படிக்கப் படிக்க அவருக்குக் கிடைத்த பதில்: போதுமா என்று கணக்குப் பார்க்க வேண்டியதே இல்லை. கணக்கைக் கடவுளே தீர்த்துவிட்டார், நம்பி ஏற்றுக்கொள்.

லூதரை ‘நற்செயலுக்கு எதிரி’ என்று நினைப்பவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. 1517 அக்டோபர் 31 தேதியிட்ட அவருடைய 95 கருத்துரைகளிலேயே, சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேலானது என்று இருக்கிறது. தேவையில் இருப்பவரைக் கண்டும் காணாமல் கடந்துபோய்ச் சீட்டு வாங்குபவர், கடவுளின் கோபத்தையே வாங்குகிறார் என்றும் எழுதினார். ஏழையின் கைக்குப் போக வேண்டிய காசு, பயத்தின் பெயரால் வங்கிக் கடனை அடைக்கப் போனது அவரைக் கொதிக்க வைத்தது.

1520இல் எழுதிய சிறு நூலில் அவர் இதை இன்னும் தெளிவாக்கினார். நல்ல மரம்தான் நல்ல கனி தரும். கனியைக் கட்டித் தொங்கவிட்டு மரத்தை நல்லதாக்க முடியாது. கடவுளிடம் பேரம் பேசுவதற்காக நல்லது செய்ய வேண்டிய அவசியம் இல்லாதவரால்தான் அடுத்தவருக்காக நல்லது செய்ய முடியும் என்பது அவர் வாதம். 1523இல் லைஸ்னிக் நகரம் ஏழைகளுக்கு உதவப் பொது நிதிப் பெட்டி ஒன்றை ஏற்படுத்தியபோது அதன் விதிகளுக்கு முன்னுரை எழுதியவரும் லூதர்தான்.

வாதத்தின் வேகத்தில் அவர் எல்லை தாண்டியதும் உண்டு. 1522இல் வெளிவந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பில், ரோமர் 3ஆம் அதிகாரத்தில் கிரேக்க மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார். அதே பதிப்பின் முன்னுரையில் யாக்கோபின் கடிதத்தை வைக்கோலோடு ஒப்பிட்டார். அந்தக் கடிதத்தை பைபிளிலிருந்து நீக்கவில்லை. ஆனால், அதன் குரலைத் தணித்துவிட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொன்னது?

‘காசு கொடுத்தால் சொர்க்கம்’ என்பது கத்தோலிக்கப் போதனை என்று நினைப்பதும் தவறு. 1545இல் தொடங்கிய டிரென்ட் பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் இது குறித்து விரிவான ஆணை வெளியிட்டது. மனிதர் முதன்முதலில் கடவுளுக்கு ஏற்புடையவராகும் அந்த அருளை நம்பிக்கையாலோ செயலாலோ யாரும் சம்பாதிக்க முடியாது என்று அது சொன்னது. அதே சமயம், ‘நம்பிக்கை மட்டும் போதும், வேறு ஒத்துழைப்பே வேண்டாம்’ என்ற கருத்தை நிராகரித்தது. கடவுள் மனிதரை உள்ளிருந்து மாற்றுகிறார். மாற்றப்பட்டவர் அன்பில் வளர வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பாவமன்னிப்புப் பலன்களைப் பணத்தோடு இணைத்த வழக்கத்துக்கும் 1567இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் முற்றுப்புள்ளி வைத்தார்.

கத்தோலிக்கர்களின் பயம் நியாயமானது. ‘செயல் எதுவும் கணக்கில் வராதுன்னா, மக்கள் எதுக்கு நல்லவங்களா இருக்கணும்?’ அடுத்த நூறாண்டுகளில் லூத்தரன் நாடுகளிலேயே இந்தக் கேள்விக்கு உயிர் வந்தது.

கொள்கை சரி, வாழ்க்கை எங்கே?

17ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பல சபைகளில் கோட்பாடு துல்லியமாக இருந்தது. பிரசங்க மேடையில் வாதங்கள் தூள் பறந்தன. ஆனால், அன்றாட வாழ்வில் அதன் அடையாளம் குறைவு. 1675இல் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற போதகர் இதைக் கண்டித்து எழுதினார். அவர் வழியில் வந்த ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, ஹாலே நகரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியும் அனாதை இல்லமும் தொடங்கினார். ‘பயட்டிசம்’ எனப்படும் இந்த இயக்கம் லூதரின் கொள்கையைக் கைவிடவில்லை. கனி இல்லாத மரத்தை வைத்துக்கொண்டு வேரைப் பற்றிப் பெருமை பேசாதே என்றது.

தமிழகத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹாலேவின் அந்த இயக்கத்தில் உருவானவர். தமிழ் கற்றார், அச்சகம் நிறுவினார், பள்ளிகள் தொடங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்று நம்பிய ஒருவர்தான் இத்தனை ‘கிரியை’களையும் செய்துவிட்டுப் போனார்.

இலவசம் வேறு, மலிவு வேறு

இந்த விவாதத்தின் கடினமான சோதனை 20ஆம் நூற்றாண்டில் லூதரின் நாட்டிலேயே நடந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனி முழுக்கக் கிறிஸ்தவ ஆலயங்கள் இருந்தன. ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு எதற்கும் குறைவில்லை. யூத அண்டை வீட்டாருக்கு வேலை போனது, குடியுரிமை போனது. பெரும்பாலான சபைகள் வாய் திறக்கவில்லை. ஒரு பகுதியினர் நாஜிக்களை வெளிப்படையாகவே வரவேற்றார்கள்.

டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற இளம் லூத்தரன் போதகர் 1937இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: மலிவான கிருபை. மனம் திரும்பாமல் மன்னிப்பு, பின்பற்றாமல் விசுவாசம், விலை கொடுக்காமல் ஆறுதல். லூதர் கண்டுபிடித்தது வாழ்க்கையின் முடிவில் கிடைத்த விடை; அடுத்து வந்தவர்கள் அதைக் கணக்கின் முதல் வரியாக எழுதிக்கொண்டு, கணக்கையே போடாமல் விட்டுவிட்டார்கள் என்பது அவர் விமர்சனத்தின் சாரம். கிருபை இலவசம்தான், ஆனால், மலிவானது அல்ல. அது கடவுளுக்கே விலை வைத்தது. பெற்றுக்கொண்டவரின் வாழ்க்கையையும் கேட்கிறது.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1939இல் பாதுகாப்பாக நியூயார்க் போய்ச் சேர்ந்தவர், சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார். யூதர்கள் சிலரை சுவிட்சர்லாந்துக்குத் தப்பவைத்த முயற்சியில் பங்கெடுத்தார். 1943 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு 39 வயது. கடைசிவரை அவர் லூத்தரன்தான். நம்பிக்கையால் மீட்பு என்பதை மறுக்கவில்லை. கீழ்ப்படியாதவர் நம்புவதாகச் சொல்வதைத்தான் ஏற்க மறுத்தார்.

1999இல் என்ன நடந்தது?

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதன் மையக் கருத்து இதுதான்: மனிதரின் தகுதியால் அல்ல, கடவுளின் அருளால், கிறிஸ்துமீது வைக்கும் நம்பிக்கையில் நாம் ஏற்கப்படுகிறோம், அந்த அருளே உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறது. 2006இல் மெதடிஸ்ட் சபைகளும், 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக அமைப்பும் இதில் இணைந்தன.

எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் கையெழுத்துக்கு முன்பே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்தப் பிளவில் பங்கெடுக்காத கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளோ, மனிதர் கடவுளின் அருளோடு ஒத்துழைத்து வளர்வதைப் பற்றித்தான் எப்போதும் பேசிவந்திருக்கின்றன. ‘எது, எத்தனை சதவீதம்?’ என்ற கேள்வியே அவர்களுக்கு அந்நியம்.

யாருக்கு எந்த மருந்து?

இந்த வரலாறு முழுவதிலும் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. ‘நம்பினால் போதும்’ என்பது பயந்துபோனவருக்கான வார்த்தை. நுழைவாயிலில் நிறுத்தப்பட்ட யூதரல்லாதவருக்கும், மடத்தில் தூக்கமிழந்த துறவிக்கும், இறந்த தாய்க்காகக் காசு சேர்த்த ஏழைக்கும் அது விடுதலை தந்தது. ‘செயல் எங்கே?’ என்பது வசதியாக உட்கார்ந்திருப்பவருக்கான வார்த்தை. தங்க மோதிரக்காரருக்கு முதல் இருக்கை கொடுத்த கூட்டத்துக்கும், அண்டை வீட்டார் இழுத்துச் செல்லப்பட்டபோது பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சபைக்கும் அது தேவைப்பட்டது.

மருந்து மாறிப்போவதுதான் ஆபத்து. இன்றும் அது நடக்கிறது. பிள்ளைக்கு நோய் தீரவில்லை என்று அழுதுகொண்டு வரும் தாயிடம், ‘உங்க விசுவாசம் போதல, இன்னும் காணிக்கை வையுங்க’ என்று சொல்லப்படுகிறது. இங்கே விசுவாசமே அளந்து பார்க்கும் ஒரு கிரியையாகிவிட்டது; டெட்சலின் பெட்டி வேறு பெயரில் சுற்றிவருகிறது. இன்னொரு பக்கம், அதிகாரத்தில் இருப்பவர் தவறு செய்து மாட்டிக்கொண்டால், பாதிக்கப்பட்டவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ‘ஆண்டவர் என்னை மன்னிச்சுட்டார்’ என்று முடித்துக்கொள்கிறார். பவுலை வசதியானவர் தனக்கு எடுத்துக்கொண்டு, யாக்கோபை ஏழையின் தலையில் கட்டும் ஏற்பாடு இது.

கொள்கையில் உடன்பாடு கண்ட சபைகள் இப்போது பேச வேண்டியது இதைப் பற்றித்தான். ஒரு போதனை சரியா என்று பார்க்க அதன் வாசகத்தை மட்டும் சோதித்தால் போதாது. அது யாருடைய பயத்தைப் போக்குகிறது, யாருடைய கடனைத் தள்ளுபடி செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

லூக்கா நற்செய்தியில் வரும் சகேயுவின் கதையில் இரண்டும் சரியான வரிசையில் நிற்கின்றன. ஊரே வெறுத்த வரி வசூல்காரர் அவர். மரத்தில் ஏறி வேடிக்கை பார்த்தவரை இயேசு பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் வீட்டுக்கே விருந்தாளியாகப் போகிறார். எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. அதற்குப் பிறகு சகேயுவே எழுந்து, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். ஏற்பு முதலில் வந்தது. ஆனால், கணக்குத் தீர்க்காமல் கதை முடியவில்லை.

சரி, தொடக்கத்தில் பார்த்த இரண்டு பேர்? ரத்தம் கொடுக்க ஓடும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சபைகளின் பதில்கள் வேறுபடுகின்றன. தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி மனசாட்சிப்படி வாழ்வோருக்கும் மீட்பு சாத்தியம் என்றது கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம். பல புராட்டஸ்டன்ட் சபைகள் அதை ஏற்பதில்லை. ஆனால், மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியில், பசித்தவருக்கு உணவு கொடுத்தவர்கள் அதைக் கிறிஸ்துவுக்கே செய்தோம் என்று தெரியாமல்தான் செய்திருந்தார்கள் என்பதை எந்தச் சபையும் எளிதில் கடந்துபோக முடியாது.

முதலாமவர் விஷயத்தில் இவ்வளவு விவாதம் தேவையில்லை. அவரை கடவுள் ஏற்பாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையிலானது. பிடித்து வைத்த கூலியைப் பற்றி அவர் மனப்பாடமாக வைத்திருக்கும் பைபிளிலேயே யாக்கோபு எழுதியிருக்கிறார். வேலைக்கு வரும் அம்மாவுக்கு இந்த 500 ஆண்டுச் சண்டை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு மாதச் சம்பளம் கைக்கு வந்தால் போதும்.